கவுன்சிலர் ஏரிக்குப் பாலாபிஷேகம்

செங்கால்பேட்டை நகராட்சியில் மொத்தம் பத்தொன்பது கவுன்சிலர்கள். அதில் பதினெட்டுப் பேர் மனிதர்கள். மீதி ஒருவர் ஏரி.

சிரிக்க வேண்டாம். நீர்நிலைகளும் ஆட்களே என்று சட்டம் வந்து பதினோரு வருஷமாகிறது. ஏரிக்கு அடையாள அட்டை உண்டு. புகைப்படத்தில் ஒரு ஓரமாக ஆகாயத்தாமரை கூடத் தெரியும். மன்றக் கூடத்தில் துண்டு போட்ட நாற்காலி உண்டு. வருகைப் பதிவேட்டில் மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், ஏரி ஒரு சொட்டுச் சேறு வைக்கும். ஊருக்கு வெளியே நாற்பதாயிரம் ஏக்கரில் கிடக்கிற ஏரி (நானூறு ஏக்கர் என்று ஆவணம் சொல்கிறது, ஆவணத்துக்கு என்ன தெரியும்) ஒரு பிஸ்கட் டப்பா அளவுப் பெட்டியாகச் சுருங்கி அந்த நாற்காலியில் உட்கார்ந்து களக் களக் என்று சத்தம் போடும். ஏரிச் சேற்றில் நட்டிருக்கும் கோல் ருசி பார்த்துச் சொல்வது, பெட்டியின் வாயிலிருந்து பஸ் டிக்கெட் அகலத்தில் ஒரு காகிதச் சீட்டாக வரும். அந்தச் சீட்டை வாசிக்கத் தெரிந்தவள் ஊரிலேயே ஒருத்திதான். ஏரியின் செயலர் பூங்காவனம்.

ஐம்பத்தாறு வயது, தடித்த கண்ணாடி, கணீர்க் குரல். பதவி ஏற்றபோது அவள் செய்த சத்தியம் ஒன்றே ஒன்று: ஏரி சொன்னதில் ஒரு சொல் கூட்டேன், ஒரு சொல் குறையேன். கூட்டினாலோ குறைத்தாலோ அந்த ஓட்டு செல்லாது, வேலையும் போய்விடும். பதினோரு வருஷத்தில் அவள் ஒரு கமாவைக் கூட நகர்த்தியதில்லை.

ஏரிக்கு ஒரு குணம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் அதைப் போல ஒரு தங்கமான உறுப்பினரைப் பார்க்க முடியாது. எதைக் கேட்டாலும் "ஆம்". பொதுக் கழிப்பறைக்குத் தன் பெயரை வைக்கலாமா என்று கேட்டதற்குக்கூட "ஆம்" என்றது. சித்திரை வந்துவிட்டால் அதே ஏரி பிடிக்க முடியாத சண்டைக்காரி. இறந்துபோன பழைய தலைவருக்கு இரங்கல் தீர்மானம் போட்டபோது, "இல்லை" என்று ஓட்டுப் போட்டதோடு நில்லாமல், அவர் வீட்டுச் சாக்கடை எத்தனை வருஷம் தன் வாயில் விழுந்தது என்ற கணக்கையும் விதவையின் முன்னாலேயே ஒப்பித்தது.

இதைச் சேர்மன் தணிகாசலம் கவனித்துவிட்டார். எதையும் கவனிக்காதவர் மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கவனிக்கிற மனிதர் அவர். மனிதக் கவுன்சிலர்கள் ஒன்பதுக்கு ஒன்பது என்று பிரிந்து நிற்கிற ஊரில் ஏரியின் ஓட்டுதான் தீர்ப்பு. அதனால் வில்லங்கமான தீர்மானம் எதுவானாலும் சேர்மன் அதை மார்கழிக்குத் தள்ளிவிடுவார்.

அந்த வருஷ மார்கழித் தீர்மானம்: ஏரியின் கிழக்கு மூலையைத் தூர்த்து, அதன்மேல் வணிக வளாகத்தோடு ஒரு பேருந்து நிலையம்.

சேதி வந்த அன்று காலை மீன் கூடையோடு குப்பம்மா பூங்காவனத்தின் வாசலில் வந்து உட்கார்ந்தாள். கிழக்கு மூலையில் வலை போடுகிற முப்பத்திரண்டு குடும்பத்துக்கும் அவள்தான் வாய்.

"அக்கா, அந்த மூலையிலதான் விரால் குஞ்சு பொரிக்குது. அதை மூடிட்டா நாங்க பஸ்ஸுல ஏறி எங்க போறது? உன் ஏரிகிட்ட சொல்லி இல்லேன்னு சொல்ல வை."

"நான் சொல்லி அது கேக்காதுடி. மார்கழியில அது ஆமாம்னுதான் சொல்லும்."

"ஏன், மார்கழியில அதுக்குச் சாமி வந்துடுமா?"

"குளிர் வந்துடும். மேல்தண்ணி குளுந்து அடிக்கு இறங்கும். கூடவே காத்தும் இறங்கும். சேத்துல இருக்கிற இரும்பு துருப்பிடிக்கும். அந்தத் துரு இருக்கே, ஊரு கொட்டின கெட்டதையெல்லாம் இறுக்கிப் புடிச்சு வச்சுக்கும். சேத்துக்கு நடுவுல ஊறி நிக்கிற தண்ணி தெளிஞ்சு போயிடும். நம்ம கோலு அந்தத் தண்ணியைத்தான் ருசி பாக்குது. தெளிஞ்ச தண்ணி என்ன சொல்லும்? நான் சௌக்கியம்னு சொல்லும்."

"சித்திரையில?"

"அடியில மூச்சே இருக்காது. துரு கரையும். புடிச்சு வச்சதையெல்லாம் கையை விட்டுடும். அப்போ பேசும் பாரு."

"அப்போ மார்கழியில உன் ஏரி பொய் சொல்லுதுன்னு சொல்லு."

"பொய் இல்லடி. மறதி."

பூங்காவனம் ஒரு கை கொடுக்க, குப்பம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள். "சேர்மனுக்கு வேண்டிய மறதி," என்றாள். போகிறபோக்கில், "ஒரு காலத்துல அந்த மூலையில மீனெல்லாம் வெள்ளை வெள்ளையா செத்து மிதந்துச்சே, ஞாபகம் இருக்கா? எந்தப் பாவி என்னத்த ஊத்தினானோ. அதுல இருந்தே மீண்டு வந்த மூலைக்கா இது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பூங்காவனத்துக்குக் காது சுட்டது. எந்தப் பாவி என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பாவிதான் இப்போது வாசல்படியில் மீன் செதில் ஒட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கணவன் ஏழுமலை, இருந்தவரை, கிழக்கு மூலையில் முலாம் பட்டறை வைத்திருந்தான். சைக்கிள் கைப்பிடி, குத்துவிளக்கு, கட்டில் கால் என்று எதைக் கொடுத்தாலும் நிக்கல் முலாம் பூசி முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிடுவான். மிச்சமாகும் பச்சைத் தண்ணீர் தொட்டியில் நிற்கும். மத்தியானம் ஊர் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில் அந்தத் தொட்டியின் குழாயை ஏரிப் பக்கம் திறந்துவிட்டது பூங்காவனம். எட்டு வருஷம். பட்டறை மூடி இருபது வருஷம் ஆகிவிட்டது. ஏரியின் செயலர் வேலைக்கு அவள் மனுப் போட்டதே அந்தக் குழாயை மறக்கத்தான். கோல் ஏரியின் நடுவில் நட்டிருந்ததால் பதினோரு வருஷமாக மாட்டிக்கொள்ளவில்லை.

இப்போது வந்தது வினை. எந்தப் பகுதியைத் தூர்ப்பதோ அந்தப் பகுதிச் சேற்றைத்தான் கேட்க வேண்டும் என்பது விதி. கோலைக் கிழக்கு மூலைக்கு மாற்றி, பதினைந்து நாள் ஊறவிட்டு, பிறகு ஓட்டு.

அவள் யோசித்துப் பார்த்தாள். மார்கழியில் ஏரி மறதியில் "ஆம்" என்று சொல்லிவிட்டால் பேருந்து நிலையம் வந்துவிடும். அவள் குழாய் ஊற்றிய சேற்றின்மேல் ஆறடிக்குக் கான்கிரீட் உட்காரும். அதற்கப்புறம் எந்தக் கோலாலும் அதைத் தோண்ட முடியாது. சேர்மன் தனக்குத் தெரியாமலே அவளுடைய பாவத்துக்குச் சமாதி கட்டித் தரப் போகிறார். அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. உள்ளதை உள்ளபடி வாசித்தால் போதும். சத்தியமும் நிலைக்கும், மானமும் பிழைக்கும். போவது குப்பம்மாவின் மூலை மட்டும்.

கோல் நட்ட மூன்றாம் நாள் சேர்மன் அவளை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"தங்கச்சி, ஏரி நம்ம சபைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகுது. நாம ஒரு மரியாதை செஞ்சதில்ல. எனக்கு மனசு கேக்கல."

"என்ன மரியாதை அண்ணா?"

"ஒரு பாராட்டு விழா. கிழக்கு மூலையில மேடை, பேனர், நாதஸ்வரம். நூத்தியெட்டுக் குடம் பால். அந்தக் கோலு இருக்குதே, அது தலையில அப்படியே பாலாபிஷேகம். எந்தக் கவுன்சிலருக்காவது கட்-அவுட் இல்லாம நிஜமாவே பால் ஊத்தியிருக்கமா? ஏரி குளுந்து போயிடும்ல? ஓட்டு அன்னிக்கு ரெண்டு தடவை ஆமாம்னு சொல்லும்."

பூங்காவனம் அவர் முகத்தையே பார்த்தாள். மனிதர் எவ்வளவு கவனிக்கிறவரானாலும் அவர் கவனித்தது மாதத்தை மட்டும்தான். மார்கழி என்றால் நல்லது, சித்திரை என்றால் கெட்டது. நாள்காட்டியைத் தாண்டி அவர் சேற்றுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. பால் அடியில் போய்ப் படிந்தால் கோடிக்கணக்கான கிருமிகள் விருந்துக்கு வரும். விருந்து சாப்பிடுகிறவை மூச்சும் விடும். அடித்தண்ணீரில் உள்ள காற்றையெல்லாம் குடித்துத் தீர்த்துவிடும். மார்கழிக் குளிரிலேயே அடியில் சித்திரை பிறந்துவிடும்.

"ஏரிக்குப் பால் ஒத்துக்குமாம்மா? நீதானே செயலர், சொல்லு," என்றார் சேர்மன்.

ஒத்துக்கொள்ளாது என்று ஒரு வார்த்தை சொன்னால் விழா நிற்கும். அவள் பாவத்தின் சமாதியும் நிலைக்கும்.

குப்பம்மாவின் கூடையிலிருந்து ஒட்டிய செதில் ஒன்று இன்னும் அவள் வளையலில் மினுக்கிக்கொண்டிருந்தது.

"அது யார் என்ன குடுத்தாலும் வாங்கிக்கும் அண்ணா," என்றாள். பிறகு, வாய் சும்மா இருக்கவில்லை. "வெறும் பாலா? இனிப்பு கிடையாதா? ஊரே என்ன நினைக்கும்?"

சேர்மன் மேஜையைத் தட்டினார். "இதுக்குத்தான் பொம்பளைங்ககிட்ட கேக்கணும்கிறது! ஏய், வெல்ல மண்டிக்குப் போனைப் போடு!"

அவள் பொய் சொல்லவில்லை. ஏரிக்கு இனிப்புக் கொடுக்கக் கூடாது என்று பணிவிதியில் எங்கும் இல்லை. வீட்டுக்குப் போய் இரண்டு தடவை புரட்டிப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் குப்பம்மாவைத் தேடிப் போனாள்.

"ஏன்னு கேக்காதே. நாளைக்குள்ள அந்த மூலையில இருக்கிற கெண்டையெல்லாம் வளைச்சுப் புடிச்சு வித்துடு."

"விரால்?"

"விரால் மேல வந்து வாயைத் திறந்து காத்துக் குடிக்கிற சாதுரியக்காரி. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

செங்கால்பேட்டையில் அந்த வாரம் கெண்டைக் குழம்பு வைக்காத வீடு இல்லை. பக்கத்து ஊர்ப் பூனைகளெல்லாம் குடும்பத்தோடு வந்து தங்கிப் போனதாகப் பேச்சு.

விழாவும் நடந்தது. நூற்றெட்டு என்று சொன்னது தொண்டர்களின் போட்டியில் நானூற்றெட்டுக் குடமாகப் பெருகியது. இரண்டு லாரி வெல்லம். ஒவ்வொரு வார்டும் தன் பங்குக்கு ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கல். பேனரில் சேர்மன் கைகூப்ப, ஏரி பதிலுக்குக் கைகூப்புகிற மாதிரி வரைந்திருந்தார்கள். ஓவியன் அலைகளுக்கு மோதிரம் கூடப் போட்டுவிட்டான். கோலின் தலையில் பால் வழிந்தபோது சேர்மனுக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

விழா முடிந்த ஐந்தாம் நாள் கிழக்கு மூலையில் குமிழி வர ஆரம்பித்தது. எட்டாம் நாள் அழுகின முட்டை வாடை கடைத்தெருவுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி மாவட்டத் தலைநகர் வரை போயிற்று. "ஏரி ஏப்பம் விடுது," என்று சேர்மன் ஆட்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பூங்காவனம் மட்டும் சாப்பிடவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டிய வரியை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பதினெட்டு சென்டிமீட்டர் ஆழம். அவள் குழாய் திறந்த காலத்துச் சேறு அங்கேதான் இருக்க வேண்டும். பன்னிரண்டு நாளும் குளிக்கும்போது, சமைக்கும்போது, தலை வாரும்போது அந்த ஒரு வரி.

ஓட்டு நாள். காலை பத்து மணிக்கே கூடம் நிரம்பி வழிந்தது. பார்வையாளர் வரிசையில் குப்பம்மாவும் முப்பத்திரண்டு குடும்பமும். மனிதக் கவுன்சிலர்கள் கை தூக்கினார்கள்: ஒன்பது, ஒன்பது.

"இனி நம்ம அன்புக்குரிய பத்தொன்பதாவது வார்டு உறுப்பினர்," என்று சேர்மன் துண்டு போட்ட நாற்காலியைப் பார்த்து வணங்கினார்.

பெட்டி வழக்கமாகக் களக் களக் என்று கனைக்கும். அன்று கொதிக்கிற குழம்பு மாதிரி குமுறியது. சீட்டு வந்தது. வந்துகொண்டே இருந்தது. மேஜையிலிருந்து தரைக்கு இறங்கி முதல் வரிசையின் காலடி வரை போயிற்று.

பூங்காவனம் வாசித்தாள்.

"மேல் ரெண்டு சென்டிமீட்டர். பால், வெல்லம், பொங்கல். முந்திரி போதாது."

கூடம் சிரித்தது. சேர்மனும் சிரித்தார்.

"ஆறு சென்டிமீட்டர். அம்மோனியா, எண்ணெய், பெருங்காயம். தணிகை மகால் கல்யாண மண்டபம். சமையல்கட்டு, கழிப்பறை ரெண்டும்."

சேர்மனுடைய மண்டபம் அது. அவர் எழுந்துவிட்டார். "பொய்! மார்கழியில ஏது முகூர்த்தம்?"

"இது ஆவணி முகூர்த்தம், ஐயா. இப்போதான் சொல்லுது."

எதிர் வரிசை மேஜையைத் தட்டி ஆரவாரம் செய்தது.

"ஒன்பது சென்டிமீட்டர். காய்ச்சல் மாத்திரை, இருமல் மருந்து, காலாவதியானது. ஏழாவது வார்டு."

எதிர் வரிசைத் தலைவர்தான் ஏழாவது வார்டு, மருந்துக் கடைக்காரர். மேஜை தட்டுவது நின்றது.

"பன்னிரண்டு சென்டிமீட்டர். சோப்புத்தூள். இது எல்லாரும்."

கூடத்தில் எல்லாரும் தங்கள் வேட்டி, சேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு வெளுப்பு.

பூங்காவனத்தின் கண்ணாடியில் ஆவி படர்ந்து எழுத்து மங்கியது. விரல் சீட்டில் பதினைந்தைத் தாண்டியது. வாய் மட்டும் பன்னிரண்டு நாள் பழக்கத்தில் தானே ஓடியது.

"பதினெட்டு சென்டிமீட்டர். நிக்கல். ஏழுமலை முலாம் பட்டறை. எட்டு வருஷம். தொட்டிக் குழாயைத் திறந்து விட்டது அவர் பெண்சாதி, பூங்காவனம்."

மீதிச் சீட்டைத் தரையிலிருந்து இழுத்துக் கடைசி வரிக்கு வந்தாள்.

"ஏரியின் ஓட்டு: இல்லை," என்று முடித்து உட்கார்ந்தாள்.

கிழக்கு மூலை தப்பித்தது. ஆனால் ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து குப்பம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, நீயா?" பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை பூங்காவனம் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது சேர்மன் வந்தார். கையில் முழம் முழமாகச் சுருட்டிய சீட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ராத்திரி பூரா தூங்கல தங்கச்சி. இந்தச் சீட்டை வாசிக்கக் கத்துக்கிட்டேன். அறுபது வயசுல பாடம். ஒண்ணு கேக்கணும். இந்தப் பதினெட்டாவது வரியில எழுத்தையே காணோமே. முட்டைதானே போட்டிருக்கு?"

அவள் வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். நிக்கல் என்ற இடத்துக்கு நேரே பூஜ்யம். பதினேழிலும் பூஜ்யம். பத்தொன்பதிலும் பூஜ்யம்.

"ஏரி சொல்லவே இல்ல," என்றார் சேர்மன். "நீயா சேர்த்திருக்க. ஒரு சொல்லு இல்ல, ஒரு பத்தி. ஓட்டு செல்லாது!"

பூங்காவனம் எழுந்தாள். அலமாரியிலிருந்து பயிற்சிப் புத்தகத்தை எடுத்தாள். மற்ற பக்கமெல்லாம் நைந்து மஞ்சளாகியிருக்க, நிக்கல் பாடம் மட்டும் அச்சுமணம் மாறாமல் இருந்தது. பதினோரு வருஷமாக அவள் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. இப்போது நின்றபடியே வாசித்தாள். வாசித்ததும் பொசுக்கென்று சிரித்துவிட்டாள்.

"என்னம்மா?"

"காத்து லேசா குறைஞ்சா சேறு நிக்கலை வெளிய விடுமாம் அண்ணா. சுத்தமா குறைஞ்சு முட்டை வாடை வந்துடுச்சுன்னா, அந்தக் கந்தகம் நிக்கலைக் கட்டிப் புடிச்சு, கறுப்பா உறைஞ்சு, தண்ணிக்கு விடவே விடாதாம். பாலோட நிறுத்தியிருந்தா என்னைக் காட்டிக் குடுத்திருக்கும். நான் வெல்லம் போடச் சொன்னேன் பாருங்க, அதுல வாயை மூடிக்கிச்சு."

சேர்மன் அதை மெல்ல மென்று விழுங்கினார். "அப்போ ஏரி உன்னை மன்னிச்சு விட்டுடுச்சு. நீயா ஓடிப்போய் மாட்டிக்கிட்ட."

"அப்படித்தான் போல. சரி அண்ணா, ஓட்டு செல்லாதுன்னு எழுதிக் குடுங்க. விதிப்படி வெளியூர்ச் செயலர் வந்து இதே சீட்டை மறுபடி சபையில வாசிப்பார். ஆறாவது சென்டிமீட்டரையும் சேர்த்து. இந்த முறை பத்திரிகைக்காரங்களும் வருவாங்க."

சேர்மன் சீட்டைச் சுருட்டினார். பிரித்தார். மறுபடி சுருட்டினார். வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "என் மண்டபத்து விஷயத்தையும் அது அப்படி வாயை மூடிக்கணும்னா எத்தனை லாரி வெல்லம் ஆகும்?" என்று கேட்டார்.

"உங்களோடது வேற ரகம் அண்ணா. வெல்லம் கொட்டக் கொட்ட வெளிய வரும்."

அவர் போய் நான்கு நாளாயிற்று. தினமும் காலை ஏழு மணிக்கு, "அக்கா, மீனு!" என்று தெருமுனையிலிருந்தே கத்துகிற குப்பம்மா நான்கு நாளும் வாயைத் திறக்காமல் வாசலைத் தாண்டிப் போனாள். ஐந்தாம் நாள் தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள். கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து வாசல்படியில் பொத்தென்று போட்டாள். சுண்டுவிரல் நீளம், உடம்பெல்லாம் முள்.

"கெண்டைதான். விரால் உனக்கு இல்ல," என்றாள். "எட்டு வருஷம் கழிச்சு வந்து கேளு."

பூங்காவனம் அந்தக் கெண்டையைக் குழம்பு வைத்துத் தின்றாள். முள் ஒவ்வொன்றையும் எடுத்துத் தட்டோரம் வரிசையாக வைத்தாள். பிறகு சட்டியைக் கழுவி, கழுநீரை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் பின்வாசலுக்கு, ஏரிப் பக்கம் போனாள். ஊற்றச் சாய்த்தவள் நின்றாள். எதிரே கிழக்கு மூலையில் ஒரு விரால் மேலே வந்து, வாயைத் திறந்து, ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போயிற்று.

"போடி, ஒண்ணும் ஊத்தல," என்று சொல்லிவிட்டு, சட்டியை வாழைக்கு அடியில் கவிழ்த்தாள்.